ஏசிக்குக் காஸ் அடிக்க முன்...

இரவு வேலைக்காரருக்குத்தான் தெரியும், ஆடி மாதத்துப் பகல் நித்திரை எப்படியென்று. காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலையால் வந்து படுத்தால், பதினொரு மணிக்கு மேல்மாடி அறை போறணை. சென்ற கோடையில் எங்கள் ஸ்காபரோ வீட்டு ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. குளிர் மட்டும் வரவில்லை. பக்கத்து அறையில் பிரஷர் வருத்தக்காரி அம்மா.

தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். "காஸ் முடிஞ்சுது அண்ணை, அடிச்சால் சரி" என்றார். அடித்தார், காசை வாங்கினார், போனார். மூன்று கிழமையில் பழையபடி வெக்கை. காரின் பெற்றோலைப்போல ஏசி காஸ் எரிந்து தீர்கிற சாமான் அல்ல என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருகிறது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை. நாங்கள் காசு கொடுத்து அந்த ஓட்டையால் காஸைக் காற்றில் விட்டிருக்கிறோம்.

இரண்டாவதாக லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பிடித்தோம். அவர் முதலில் வெளியே நிற்கும் பெட்டியின் தகட்டைத் துடைத்துப் பார்த்தார். ஆர்-22. ஓசோன் படையைத் தின்னும் காஸ். 1987இல் மொன்றியலில் செய்த உடன்படிக்கையின் வழியாக மெல்ல மெல்ல நிறுத்தப்பட்டது. கனடாவில் 2010 முதல் இந்தக் காஸில் ஓடும் புதிய ஏசி இறக்க முடியாது. 2020 முதல் காஸையும் இறக்க முடியாது. பழையவற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்ததும் கையிருப்பில் கிடப்பதும்தான் மிச்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆனால் பழைய ஏசியை வைத்து ஓட்டுவது குற்றமல்ல. "சட்டம் வந்திட்டுது, உடனே மாத்துங்கோ" என்று கதவு தட்டுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

"அப்ப புதுக் காஸை இதுக்குள்ள விடேலாதோ?" என்று கேட்டோம். "410ஏ-யின்ரை அமுக்கம் இதைவிட ஒண்டரை மடங்குக்கும் மேல, தம்பி. எண்ணெயும் வேற. இந்தப் பெட்டி தாங்காது" என்றார். 407சி என்று ஒன்று இருக்கிறதாம். ஓட்டையை அடைத்து, கொம்பிரசர் எண்ணெயையும் மாற்றினால் விடலாம். குளிர் கொஞ்சம் குறையும். எங்களுடையதில் ஓட்டை உள்ளே இருக்கும் கொயிலில். இருபது வயதுப் பெட்டிக்கு அவ்வளவு செலவழிக்க மனம் வரவில்லை.

வேலையிடத்து நண்பர் ஒருவர் மலிவான வழி சொன்னார்: புரொப்பேன் கலந்த காஸ், ஆர்-22க்குப் பதிலாம். தயவுசெய்து வேண்டாம். அதற்கென்று செய்யாத பெட்டியில் அதை அடித்து ஆட்கள் காயப்பட்டதாக அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2013இலேயே எச்சரித்தது. பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிற வீட்டில் யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் அம்மாவின் அறைக்கு ஒரு யன்னல் ஏசி பூட்டிக் கோடையைக் கடத்தினோம். நாங்களும் பகலில் அங்கேதான் பாயைப் போட்டோம். ஐப்பசியில், வேலைக்காரருக்கு அவசரம் இல்லாத நேரம், உள்கொயிலும் சேர்த்துப் புதியது போட்டாயிற்று. இதில் ஆர்-454பி. 410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும் என்பதால் அமெரிக்காவில் 2025 தையிலிருந்து வீட்டு ஏசிக்கு அதையும் நிறுத்தியிருக்கிறார்கள். புதியது இலேசாகத் தீப்பற்றக் கூடியது. கண்ட கையும் வைக்க விடாதீர்கள்.

பழைய பெட்டியில் மிஞ்சிய காஸை அவர் ஒரு சிலிண்டரில் இழுத்து எடுத்துப் போனார். முதல் வந்தவர் குழாயைத் திறந்தபோது 'உஸ்' என்று கேட்ட சத்தம் அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது.