கலங்கரை விளக்கத்துக்கு யார் கட்டணம் செலுத்துவது?

பொருளாதாரத்தில் 'பொதுப்பண்டம்' என்னும் கருத்தை விளக்க, செங்கல்பட்டு மாணவர்களுக்கு மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைச் சொல்லியே பாடம் நடத்தினேன். ஒரு படகு அந்த ஒளியைப் பயன்படுத்துவதால் இன்னொரு படகுக்கு ஒளி குறைந்துவிடாது. பணம் தராதவர் கண்ணுக்கு மட்டும் அதை மறைக்கவும் முடியாது. ஆகவே, சந்தை இதைத் தானாகத் தராது என்று கூறி முடிப்பேன்.

ஒருநாள் மீனவர் குப்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "புயல் எச்சரிக்கை வந்தா நாலு நாளைக்கு எங்க ஆளுங்க யாரும் கடலுக்குப் போறதில்ல சார். அப்ப அந்த விளக்கு எரியறது தண்டச்செலவுதானே?" என்று கேட்டார். "எந்த இரவில் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் எல்லா இரவும் எரிகிறது" என்றேன். பதில் சரிதான். ஆனால், பாதிப் பதில் என்பதைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் எழுந்த ஒரு தடுப்பூசி வளாகம் பின்னாளில் எனக்கு உணர்த்தியது.

அந்த வளாகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. உற்பத்தித் தரநெறிகளை நிறைவேற்றவில்லை என்று கூறி, கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய இடங்களில் இருந்த மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமம் 2008-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2010-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டாலும், குழந்தைகளுக்கான அடிப்படைத் தடுப்பூசிகளுக்கு நாடு எவரை நம்பியிருப்பது என்ற கவலை நீடித்தது. அந்தச் சூழலில்தான், பொதுத்துறையைச் சேர்ந்த எச்எல்எல் பயோடெக் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்துக்கு 2012-இல் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. நூறு ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 58.5 கோடி தவணைகள் என்ற இலக்கு. 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம்' என்ற தகுதி.

2021 மே மாதம், கரோனா இரண்டாம் அலையில் நாடே தடுப்பூசிக்காக வரிசையில் நின்றபோது, இந்த வளாகம் வாளாவிருந்தது. இதை நடத்தத் தனியார் பங்காளர்களைத் தேடி மத்திய அரசு விடுத்த அழைப்புக்கு எவரும் முன்வரவில்லை. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் பார்வையிட்டு, வளாகத்தை மாநில அரசிடம் குத்தகைக்குத் தருமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் சுமார் 700 கோடி ரூபாய் செலவாகியிருந்தது. பெருந்தொற்று அடங்கியதும் அது குறித்த விவாதமும் அடங்கிப்போனது.

அரசின் மெத்தனம் என்று இதை எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால், தடுப்பூசித் தொழிலின் கணக்கே வேறு. கிருமி நீக்கிய கூடங்கள், தரப் பரிசோதனை ஆய்வகங்கள், பயிற்சி பெற்ற பணியாளர்கள் என்று செலவின் பெரும்பகுதி உற்பத்தி அளவைப் பொறுத்ததன்று. ஆயிரம் குப்பி தயாரித்தாலும் கோடி குப்பி தயாரித்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். யுனிசெஃப் போன்ற பெரிய கொள்முதலாளர்களுக்கு விற்க உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று வேண்டும். தொடர்ந்து தயாரித்துக் காட்டாமல் சான்று கிடைக்காது. சான்று இல்லாமல் கொள்முதல் ஆணை வராது. ஆணை இல்லாமல் தயாரிக்க முடியாது. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கிய நாம், இந்தச் சுழலை உடைக்கும் வாங்குவோரை ஏற்பாடு செய்யவில்லை.

நம் ஆலை உறங்கியதன் விலையை நாம் மட்டும் கொடுக்கவில்லை. ஏழை நாடுகளுக்கான 'கோவேக்ஸ்' திட்டம் புணேயின் சீரம் நிறுவனத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. உள்நாட்டுத் தேவை பெருகியதும், 2021 மார்ச் இறுதியில் ஏற்றுமதி நின்றது. அந்த ஆண்டு முடிந்தபோது, ஆப்பிரிக்க மக்களில் பத்தில் ஒருவர்கூட முழுத் தவணைகளையும் பெற்றிருக்கவில்லை. தான் பயன்படுத்தும் தடுப்பூசிகளில் ஏறத்தாழ 99 சதவீதத்தை அக்கண்டம் இறக்குமதி செய்கிறது. இந்தியாவைக் குறைகூற இயலாது. தன் பிள்ளை பசித்திருக்கும்போது எவரும் பந்தி வைக்க மாட்டார். ஆனால், உலை ஒன்று எரியாமல் கிடந்ததே என்பதுதான் கேள்வி.

இங்கே அந்த மாணவரின் கேள்விக்குத் திரும்புகிறேன். மாமல்லபுரம் விளக்குக்கு உண்மையில் யார் பணம் தருகிறார்கள்? துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களிடம் 'விளக்குக் கட்டணம்' வசூலிக்கப்படுகிறது. அன்றைய இரவு அந்த விளக்கைப் பார்த்தாரா என்று மாலுமியிடம் எவரும் கேட்பதில்லை. கட்டுமரங்கள் எதுவும் செலுத்துவதில்லை. ஆனாலும், அவற்றுக்கும் அதே ஒளி கிடைக்கிறது. பொதுப்பண்டம் என்றால் அரசின் தயவு மட்டுமே என்று கருதியவர்களுக்கு, பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் 1974-இல் பிரிட்டனின் விளக்குகளை வைத்து இதைத்தான் நினைவூட்டினார்: எரியும் ஒவ்வொரு விளக்குக்குப் பின்னும் ஒழுங்கான ஒரு வசூல் ஏற்பாடு இருக்கிறது.

உலகச் சுகாதாரத்தில் இன்று பெரிய கப்பல்கள் கட்டணம் செலுத்த மறுக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்த அமெரிக்கா, ஏழை நாடுகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தரும் 'காவி' அமைப்புக்கு இனி நிதி இல்லை என்று அதே ஆண்டு ஜூனில் கூறிவிட்டது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 1,190 கோடி டாலர் திரட்ட முயன்ற காவிக்கு, 900 கோடி டாலருக்குச் சற்று மேலான உறுதிமொழிகளே கிடைத்தன.

இது தொலைதூரச் சங்கதி அன்று. என் தாய்மாமன் 1970-களின் தொடக்கத்தில் காசநோயிலிருந்து மீண்டது, வீட்டுத் திண்ணையில் படுத்து மாத்திரை சாப்பிட்டுத்தான். சானடோரியத்தில் சேர்த்துச் சிகிச்சை அளிப்பதற்கு வீட்டுச் சிகிச்சை எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959-இல் நிறுவியது. உலகெங்கும் சிகிச்சை முறையை அது மாற்றியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் தொடங்கிய பிசிஜி ஆய்வில் லட்சக்கணக்கான கிராமத்தினர் பங்கேற்றனர். குழந்தைகளைக் கடும் காசநோயிலிருந்து காக்கும் அந்தத் தடுப்பூசி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று உலகுக்குச் சொன்னவை அவர்கள் நீட்டிய கைகளே.

பெரியவர்களுக்கான புதிய காசநோய்த் தடுப்பூசி ஒன்று இப்போது இறுதிக்கட்டப் பரிசோதனையில் இருக்கிறது. 2024-இல் தென்னாப்பிரிக்காவில் அது தொடங்கியது. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். அந்த ஊசி வெற்றி பெற்றால், அதை எவர் தயாரிப்பார், வரிசையில் எவர் முன்னால் நிற்பார் என்ற கேள்வி 2021-ஐப் போலவே மீண்டும் எழும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் கொள்முதலில் ஒரு பங்கை, தரச் சான்று பெறுவதை நிபந்தனையாக வைத்து, பொதுத்துறை ஆலைகளுக்குப் பல ஆண்டு ஒப்பந்தமாக உறுதிசெய்ய வேண்டும். நெருக்கடிக்கெனத் தயார்நிலையில் இருப்பதற்கு ஆண்டுதோறும் தனித் தொகை தர வேண்டும். கூடுதல் திறனில் ஒரு பகுதியை ஏழை நாடுகளுக்கு முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்; அவ்வாறு செய்தால் உள்நாட்டுத் தட்டுப்பாட்டின்போது வாக்குத் தவற நேராது. தனியார் நிறுவனங்கள் மலிவாகத் தருகின்றனவே என்பார்கள். உண்மை, அது இந்தியாவின் பெருமையும்கூட. ஆனால், ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் ஆபத்து எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

அந்த மாணவர் இப்போது எங்கிருக்கிறார் என்று தெரியாது. பார்த்தால், விட்டுப்போன மறுபாதியைச் சொல்வேன்: விளக்கு தேவைப்படாத இரவில் ஆகும் செலவு வீணன்று, தம்பி. விளக்குத்தூணைக் கட்டிவிட்டு எண்ணெய்க்கு வழிசெய்யாமல் விடுகிறோமே, அதுதான் தண்டச்செலவு.