சுப்பிங்கின் ஒரு மதியம்

1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ். மலேசியாவின் உச்சம் இன்னும் அதுதான். “அதுக்கப்புறம் ஏறலையே, எங்க தம்பி உலகம் சூடாகுது?” என்கிறார் செமினி சாப்பாட்டுக்கடையில் ஓர் அண்ணன். எண் சரி, கணக்குத் தப்பு. அது கடுமையான எல் நினோ காலத்தில் ஓர் ஊரின் ஒரு மதியம். உலகச் சராசரியைப் பாருங்கள்: 2014 முதல் ஒவ்வோர் ஆண்டும் 1998-ஐத் தாண்டிவிட்டது, லா நினா குளிர்வித்த 2021கூட.

“ரப்பர் தோட்டத்தை அழிச்சுத் தாமான் கட்டினா சூடாகாதா?” செமினிக்கு அது உண்மைதான், நானும் அப்படியொரு தாமானில்தான் குடியிருக்கிறேன். ஆனால் கடலும் சூடாகுதே, அங்கே யார் தாமான் கட்டினது?

அடுத்து, சூரியன். அதுதான் காரணமென்றால் மேலே அடுக்குமண்டலமும் சூடாகணும். அது பல பத்தாண்டுகளாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. கரியமிலவாயு கூடினால் அப்படித்தான் நடக்கும்: கீழே சூடு, மேலே குளிர். சூரியனைக் கைகாட்டுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.