கீழ்பென்னாத்தூரில் எடுக்கும் முதல் ஈசிஜி

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதிக தூரமில்லை. மற்ற நாட்களில் 108 வண்டி சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். பௌர்ணமியன்றும் கார்த்திகை தீபத்தன்றும் அந்தக் கணக்கு பலிக்காது. கிரிவலக் கூட்டத்தால் பேருந்துகளே ஊருக்கு வெளியில் நிறுத்தப்படும் இரவுகள் அவை. அப்படியோர் இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரின் கதி, உள்ளூரில் எடுக்கும் ஈசிஜியை அங்கேயே ஒருவர் படிக்கிறாரா என்பதில் இருக்கிறது.

நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் படித்தும் முடிக்க வேண்டும் என்பது நெறி. நம்மில் பலர் எடுப்பதோடு சரி. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம். அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அனுப்புபவர் முதலில் படித்திருக்க வேண்டும். இயந்திரம் அச்சிடும் ‘நார்மல்’ என்ற சொல்லும் நம் கண்ணுக்கு மாற்றாகாது.

அலைகளுக்கு முன் தாளைப் பாருங்கள். வேகம் நொடிக்கு 25 மி.மீ.தானா? 1 மில்லிவோல்ட் 10 மி.மீ. உயரம் காட்டுகிறதா? அது பாதியாக வைக்கப்பட்டிருந்தால் எஸ்டி உயர்வும் பாதியாகத்தான் தெரியும். முதல் லீடில் எல்லாம் தலைகீழாகவும் ஏவிஆரில் நிமிர்ந்தும் இருந்தால் கை வயர்கள் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சரிபார்த்து மறுபடி எடுங்கள். வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் கழுத்தெலும்புப் பக்கம் ஏறிவிட்டால், இல்லாத பழைய மாரடைப்பு தாளில் தோன்றும். விலாவை விரலால் எண்ணுவதை விட்டால் வேறு வழியில்லை.

மாரடைப்பைச் சந்தேகிக்க, அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் 1 மி.மீ. எஸ்டி உயர்வு போதும். வி2, வி3 மட்டும் விலக்கு: 40 வயதான, அதற்கு மேற்பட்ட ஆண்களுக்கு 2 மி.மீ., அதற்குக் குறைந்த வயது ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5.

நாம் அதிகம் தவறவிடுவது இதயத்தின் கீழ்ச்சுவரை. லீடு 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் உயர்வு லேசாக இருக்கையில் ஏவிஎல்-ஐப் பாருங்கள். அங்கே எஸ்டி இறங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உடனே வலப்பக்கம் வி4ஆர் எடுங்கள். வலது கீழறையும் பாதிக்கப்பட்டவருக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். நம் ஊர்களில் நெஞ்சு வலி என்றதுமே அந்த மாத்திரையைத் தேடும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். வி1 முதல் வி3 வரை எஸ்டி இறங்கியிருந்தால் முதுகுப்பக்கம் வி7, வி8, வி9 எடுக்காமல் அனுப்பாதீர்கள்.

முதல் தாள் சரியாக இருக்கிறது, வலி மட்டும் நிற்கவில்லை என்றால் 15 முதல் 30 நிமிடத்துக்குள் மீண்டும் எடுங்கள். சர்க்கரை நோயாளி வியர்த்து, ‘கேஸ் ட்ரபிள்’ என்று சொன்னாலும் இதுவே விதி.

தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுக்க முடிகிறது. 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காது என்றால், ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடத் தடையேதும் இல்லாதவருக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த முடிவுகள் எல்லாமே அந்தத் தாளைப் படித்த பிறகுதான் வருகின்றன.

ஆகவே டாக்டர்களிடமும் ஸ்டாஃப் நர்ஸ்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு ஈசிஜியிலும் எடுத்த நேரத்தையும், அப்போது வலி இருந்ததா என்பதையும் பேனாவால் எழுதி, படித்தவர் கையொப்பமிட்டு, நோயாளியுடன் அனுப்புங்கள்.