படகையும் குளிருக்குத் தயார் செய்வோம்



ஒக்ரோபர் மாதம் வந்துவிட்டால் ரொறன்ரோவின் ஏரிக்கரைப் படகுத்துறைகளில் கிரேன்கள் வந்து நிற்கும். பாய்மரப் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து பழைய படகொன்றை வாங்கி வைத்திருப்பவர்களுக்காக இம்மாதம் எழுதுகிறோம்.

பாய்க்கப்பல் நமக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் நம் ஊர்க் கடலில் இல்லாத ஓர் எதிரி இங்கே உண்டு. அதுதான் உறைபனி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரிவடைகிறது. குழாய், பம்பி, வால்வு எதுவானாலும் உள்ளே அகப்பட்ட தண்ணீர் அதைப் பிளந்துவிடும். பிளந்தது மாசி மாதத்தில் தெரியாது. வசந்தத்தில் படகை இறக்கும் நாளில்தான் தெரியும்.

ஆகவே முதல் வேலை, இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவது. குடிதண்ணீர்த் தாங்கி வற்றும்வரை எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுங்கள். சுடுநீர்த் தாங்கிக்குப் போகும் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். வெறுந் தாங்கியில் மின்சாரம் பாய்ந்தால் சூடாக்கும் சுருள் எரிந்துபோகும். பிறகு அதையும் வடித்து, அதற்குள் போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதை நிரப்பவே பல லீற்றர் உறைதடுப்புத் திரவம் வீணாகும். தண்ணீர் வடிகட்டியின் உள்ளுறையையும் கழற்றி எடுங்கள்.

அடுத்து, தாங்கியில் சில லீற்றர் உறைதடுப்புத் திரவத்தை ஊற்றிப் பம்பியை ஓடவிடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் சுடுநீர்ப் பக்கம், குளிர்நீர்ப் பக்கம் இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறந்து வையுங்கள். குளிக்கும் குழாயையும், அதன் அழுக்குநீர் சேரும் குழியையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

போத்தலில் ‘சய 50’ என்று போட்டிருப்பது, கலப்பில்லாத திரவம் அந்தக் குளிர்வரை குழாயை வெடிக்க விடாது என்பதற்காகத்தான். அதற்கு முன்பே அது கூழாகிவிடும், அதனால் பயமில்லை. ஆனால் எஞ்சிய தண்ணீர் கலந்தால் அதன் பலம் குறையும். வடிக்காமல் ஊற்றுவதில் பயனில்லை என்பது இதனால்தான்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். குடிதண்ணீர்க் குழாய்களுக்குப் புரோப்பிலீன் கிளைக்கோல் திரவத்தை மட்டுமே பாவிக்க வேண்டும். காருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் கடும் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் நாய் பூனைகளும் குடித்துவிடும் ஆபத்து உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். காருக்கான திரவமும் இளஞ்சிவப்பாக வருவதுண்டு. ஆங்கிலம் சரளமில்லாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பித்துக்கொள்ளுங்கள்.

மலசலகூடக் கழிவுத் தாங்கியைப் படகுத்துறையில் உள்ள உறிஞ்சு பம்பியால் வெறுமையாக்குங்கள். ஏரிக்குள் விடுவது சட்டவிரோதம். பின்னர் அதிலும் இதே திரவத்தை ஊற்றி அடித்து விடுங்கள்.

எஞ்சின் ஏரித்தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கிறது. அந்த உறிஞ்சுகுழாயைக் கழற்றித் திரவம் நிரம்பிய வாளிக்குள் வைத்து, புகைக்குழாயில் இளஞ்சிவப்பு வரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வாளி வற்ற விடக்கூடாது. வற்றினால் பம்பியின் றப்பர் சக்கரம் கருகிவிடும். எஞ்சினின் மூடிய சுற்றில் ஏற்கெனவே இருப்பது கார்த் திரவம் போன்றது. அதை அப்படியே விட்டு, அதன் செறிவை மட்டும் அளந்து பாருங்கள்.

கடைசியாக, படகின் அடித்துளைகளில் உள்ள வால்வுகள். கரையில் இருக்கும்போது அவற்றைச் சிலமுறை திறந்து மூடி, தண்ணீர் வடிந்தபின் திறந்தே விடுங்கள். மூடிய வால்வின் உருண்டைக்குள் தண்ணீர் தங்கும். எத்தனை வால்வு, எவை எங்கே என்று ஒரு தாளில் எழுதிப் படகின் கதவில் ஒட்டுங்கள். வசந்தத்தில் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றையும் மூடி, வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தபின்தான் கிரேனுக்குச் சைகை காட்ட வேண்டும். ஒரு துளை மறந்தாலும் போதும், படகு தாழ்வதற்கு.

படகு இறங்கியபின் தாங்கியை இரண்டு மூன்று தடவை நிரப்பி வடியுங்கள். நிறமும் சுவையும் முற்றாகப் போகும்வரை அந்தத் தண்ணீரில் தேநீர் போட வேண்டாம்.

இவ்வளவும் ஒரு சனிக்கிழமை வேலை. முதல் உறைபனிக்கு முன் முடித்துவிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.