விளக்கை மலையேத்திட்டு கோயிலுக்கு வாங்க – கோபப்பட்டவங்களுக்கு என் பதில்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு எல்லாரும் அன்னதான வரிசையில நிக்கும்போது, மைக்கில ஒரு வார்த்தை சொன்னேன். "வீட்டுல சாமி விளக்கை எரிய விட்டுட்டு கோயிலுக்கு வராதீங்க." அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி வாட்ஸ்அப் குழுவுல எனக்கு நல்ல அர்ச்சனை. "தொண்டரே விளக்கை அணைக்கச் சொல்றாரு, கலி முத்திப் போச்சு" என்று ஒரு பெரியவர். "எரியற விளக்கை அணைச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்று ஓர் அக்கா. "நடக்கணும்னு இருந்தா நடக்கும், எல்லாம் அம்மா பாத்துக்குவா" என்று ஒரு தம்பி.

நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன். சாஸ்திரம் பேச வரல. ஆனா 27 வருஷமா ஃபேக்டரியில வேலை. நெருப்பு எப்படி பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அதைவிட, என் வீட்டுலயே பாத்திருக்கேன். இத்தனை நாள் வெட்கத்துல சொல்லாததை இன்னிக்கு சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு ஆடி வெள்ளி. நானும் வீட்டுக்காரம்மாவும் சாயந்திரம் கோயிலுக்கு வந்துட்டோம். மகன் நைட் ஷிஃப்டுக்குப் போகணும்னு மாடியில தூங்கிட்டு இருந்தான். சாமி மேடையில விளக்கு எரியுது. ஹால் ஃபேனை நிறுத்தல. வெளியே கிரில்லுக்குப் பூட்டு போட்டோம். சாவி ரெண்டும் எங்க பையில.

மேடைக்குப் பின்னால தொங்க விட்ட துணி காத்துல ஆடி விளக்குல பட்டிருக்கு. அப்புறம் பிளாஸ்டிக் பூமாலை, அதுக்கப்புறம் பலகை. மகன் இருமிக்கிட்டே கீழே வந்து கிரில்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். திறக்க முடியல. பக்கத்து வீட்டு பாக்சிக்தான் இரும்புக் கம்பியால பூட்டை உடைச்சு வெளியே இழுத்தாரு. பொம்பா வர்றதுக்குள்ள ஹால் பாதி கருகிப் போச்சு. அம்மன் படமும் எரிஞ்சு போச்சு.

உங்க எல்லார்கிட்டயும் "வயரிங் கோளாறு"ன்னு சொன்னேன். பொய். என் கவனக்குறைவு.

இப்ப பதிலுக்கு வர்றேன்.

அக்கா, விளக்கை அணைக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. நம்ம பாட்டிங்க "அணை"ன்னு சொல்ல மாட்டாங்க, உண்மைதான். "மலையேத்து", "குளிர வை"ன்னு சொல்வாங்க. அதுக்குன்னு தனியா ஒரு சொல்லே வச்சிருக்காங்கன்னா, அந்த வேலையை தினமும் செஞ்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? வாயால ஊதாதீங்க. ஒரு பூவால அமர்த்துங்க, இல்லன்னா திரியை எண்ணெய்க்குள்ள இழுத்து விடுங்க. கும்பிட்டுட்டு கிளம்புங்க. இதுல என்ன குத்தம்?

பெரியவர் ஐயா, கோயில் கருவறையில விளக்கு எரியுதேன்னு கேக்குறீங்க. அங்க சுத்தியும் கல்லும் சிமெண்டும். பாத்துக்க குருக்கள் இருக்காரு. நம்ம வீட்டு மேடை பிளைவுட். மேல வெல்வெட் துணி, ஜிகினா மாலை, வருஷம் பூரா கழட்டாத கலர் லைட்டு. ரெண்டும் ஒன்னா? தோட்டத்து லயத்துல பலகை வீட்டுல இருந்த என் பாட்டி விளக்கு எரியற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாங்க. விட்டுட்டுப் போறது பழைய வழக்கம் இல்லைங்க, நம்ம அவசரம்.

தம்பி, அம்மா பாத்துக்குவான்னா நீ ஏன் காரைப் பூட்டிட்டு கோயிலுக்குள்ள வர்ற? அம்மா பாத்துக்கிட்டாதான், நான் மறுக்கல. பாக்சிக் உருவத்துல வந்தா. ஆனா அவர் அன்னிக்கு மசூதிக்குப் போயிருந்தா என் மகன் இல்ல. நம்ம செய்ய வேண்டியதை செய்யாம அவ தலையில போடுறது பக்தி இல்ல, சோம்பேறித்தனம்.

விளக்கோட முடியல. இதையும் பாருங்க.

ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டாதீங்க. ராத்திரி உள்பக்கம் பூட்டினா, சாவி ஒரே இடத்துல தொங்கணும். வெளியில இருந்து கை எட்டக் கூடாது, ஆனா வீட்டுல சின்னப் பிள்ளைக்கும் அந்த இடம் தெரியணும். திருடனுக்குப் பயந்து நம்மளையே ஜெயில்ல போட்டுக்கிறோம்.

ஒரு எக்ஸ்டென்ஷன்ல எல்லாத்தையும் சொருகாதீங்க. 13 ஆம்பியர் பிளக் தாங்குறது சுமார் 3000 வாட்ஸ். எங்க வீட்டு கெட்டில் 2200, ஏர் ஃபிரையர் 1500. கூட்டிப் பாருங்க. சிரிம் முத்திரை இல்லாத மலிவு சாமான் வாங்காதீங்க.

பலகாரம் சுடும்போது எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, தீ மேல பொங்கும். அடுப்பை நிறுத்தி மூடியைப் போட்டு மூடுங்க. சட்டியைத் தூக்கிட்டு ஓடாதீங்க. கேஸ் வாடை வந்தா சுவிட்ச் எதையும் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து விடுங்க.

புகை வந்தா குனிஞ்சு, தரையோட தரையா வெளியே போங்க. பல பேரைக் கொல்றது நெருப்பு இல்ல, புகை. வெளியே போனதும் 999 கூப்பிடுங்க. நகை, பாஸ்போர்ட்னு திரும்ப உள்ளே போகாதீங்க.

ஃபேக்டரியில வருஷா வருஷம் தீ ஒத்திகை நடத்துறோம். மெஷினுக்கும் சரக்குக்கும் இவ்வளவு பாக்குறோம். பெத்த பிள்ளைங்க தூங்குற வீட்டுல ஒரு தடவையாவது செஞ்சிருக்கோமா?

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. நம்ம கோயில் தீயணைப்பு சிலிண்டர் அரிசி மூட்டைக்குப் பின்னால கிடக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை நானே எடுத்து வெளியே மாட்டுறேன். யாரும் தடுக்காதீங்க.

என் மேல கோபம் இருந்தா நேர்ல வந்து திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை சாமி மேடையைத் திரும்பிப் பாருங்க. அது போதும்.

ஓம் சக்தி.