சினத்தின் எல்லை

இன ஒதுக்கல் காலத் தென்னாப்பிரிக்கப் புனைகதைகளைப் பற்றி நமது பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகள் பல, ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றன: இக்கதை எந்தக் கொடுமையைப் பதிவு செய்கிறது? கேள்வி தவறன்று, ஆனால் போதாது. ஒதுக்கல் எழுத்தாளருக்குக் கதைப்பொருளைத் தருவதோடு அமைவதில்லை; கதையின் வடிவத்திலும் தன் எல்லைகளை வரைகிறது என்பது என் கருத்து.

அலெக்ஸ் லா குமாவை எடுத்துக்கொள்வோம். 1925இல் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியில் பிறந்தவர். 1956இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதான 156 பேரில் ஒருவர். அவருடைய ‘எ வாக் இன் தி நைட்’ குறுநாவலில் மைக்கேல் அடோனிஸ் என்னும் இளைஞன் வெள்ளை மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசி வேலையை இழக்கிறான். தெருவில் வெள்ளைக் காவலர்கள் அவனை நிறுத்திச் சோதித்து இழிவுபடுத்துகிறார்கள். ஆயினும் அவன் கையால் இறப்பவர் அவர்களுள் எவருமல்லர். அதே சிதைந்த குடியிருப்பில் வாழும், குடிக்கு அடிமையான ஓர் ஐரிஷ் முதியவர். அப்பழியைச் சுமந்து காவலரின் குண்டுக்கு இரையாகிறவனோ, அக்கொலையில் தொடர்பே இல்லாத வில்லிபாய்.

இதனைத் தற்செயல்களின் கோவை என்று கொள்வது எளிது. நான் அவ்வாறு கொள்ளவில்லை. மேற்பார்வையாளர் அடோனிஸின் பேச்சில் மட்டுமே வருகிறார். அவர் வாழும் உலகிற்குள் அவனும் செல்ல முடியாது, கதையும் செல்வதில்லை. ஆகவே சினம் எட்டும் தொலைவில் யார் இருக்கிறாரோ அவர்மீது விழுகிறது. தோலால் வெள்ளையர், வாழ்வால் அண்டை வீட்டார். ஒரே இரவு, சில தெருக்கள், இருண்ட மாடிப்படிகள் என்று சுருங்கிய இக்கதைக்களம் பிரிக்கப்பட்ட நகரத்தின் வரைபடமேயாகும்.

வாசகரையும் ஒதுக்கலே தீர்மானித்தது. இந்நூல் 1962இல் நைஜீரியாவின் இபாதானில் வெளிவந்தது. அதே ஆண்டில் லா குமா வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அவர் சொற்களைத் தென்னாப்பிரிக்காவில் மேற்கோள் காட்டுவதும் சட்டவிரோதமாயிற்று. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் கைக்கு நூல் எட்டவிடாமல் செய்தது அரசு. 1966இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அதே 1966இல் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், தாயகம் திரும்பாமலே 1985இல் ஹவானாவில் மறைந்தார்.

இங்கு ஒரு மறுப்பு எழும். வடிவத்தையும் ஒதுக்கலே வரையறுத்தது என்றால், எழுத்தாளரின் சுதந்திரம் எங்கே? இதற்கு நிஜாபுலோ இன்டெபெலேயிடம் விடை தேடலாம். கொடுமையைக் காட்சிப்பொருளாக்கும் எழுத்து அதிகாரத்தின் பேருருவையே மீண்டும் வரைந்து காட்டுகிறது. அன்றாடத்தின் நுட்பங்களுக்கு எழுத்து திரும்ப வேண்டும் என்று 1980களில் அவர் வாதிட்டார். 1983இல் வெளிவந்த அவருடைய ‘ஃபூல்ஸ்’ தொகுப்பில், மழையில் சட்டையின்றி ஓடித் தன் துணிவைத் தானே சோதித்துக்கொள்ளும் சிறுவன் ஒருவன் வருகிறான். அரசு அவன் மனத்தின் மையத்தில் இல்லை. அதுவே அக்கதையின் சுதந்திரம்.

இருவரையும் எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. லா குமாவும் படிக்கட்டின் நாற்றத்தையும் மலிவான உணவகத்தையும் அத்தனை பொறுமையோடு எழுதியவர்தாம். அவர்களது படைப்பை வெறும் சாட்சியமாகப் படிக்கும்போது, அம்மாந்தருக்கு அகவாழ்வு உண்டு என்பதை நாமும் மறுக்கிறோம். ஒதுக்கல் செய்ததும் அதுவே. ஆய்வு மாணவர்கள் கொடுமைகளைப் பட்டியலிடுமுன், ஒரு பாத்திரம் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, யாரைத் தொட முடிகிறது, அதை யார் படிக்க முடிந்தது என்று கேட்டுப் பார்க்கட்டும். இலக்கிய ஆய்வு அங்குதான் தொடங்குகிறது.