மயிரிழைச் சோதிடம்

பன்னிரண்டு பக்க அறிக்கை ஒன்று நம் மேசைமீது கிடக்கிறது. வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் தலைமாட்டிலும் ஒரு கனிமத்தின் பெயர். இரண்டாம் பக்கத்திலிருந்து உரைநடை. இதற்கு உரியவர் 'மெதுவாக எரிப்பவர்' என்று அது தொடங்குகிறது. (அடுப்பைப் பற்றியல்ல, ஓர் ஆளைப் பற்றித்தான் பேச்சு.) அவரது சுண்ணாம்புச் சத்து ஓடாகத் திரண்டு, உணர்ச்சிகள் போய்வர வழியில்லாமல் அவரை மூடிவிட்டதாம். மன அழுத்தத்தின் மூன்றாம் கட்டமாகிய 'களைப்பு நிலை'யில் அவர் நிற்கிறாராம். இரும்பு மிகுதி, ஆகவே கீரை, பேரீச்சை, ஈரல் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்குப் பதினொரு மாத்திரைகள். அவற்றை அறிக்கை அனுப்பியவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம்.

இத்தனையும் பிடரியிலிருந்து கத்தரித்த ஒரு கரண்டி முடியிலிருந்து அறியப்பட்டவை. (மயிர் என்னும் நல்ல தமிழ்ச் சொல்லை நாம் வசையாக்கி விட்டோம். ஆதலால் தலைப்பில் மட்டும் அதை வைத்துக்கொண்டு, இனி முடி என்றே எழுதுகிறோம்.)

அறிக்கைக்கு உரியவர் நம் நண்பர். சிற்றிதழ்களின் நெடுநாள் வாசகி, மொழிபெயர்ப்பாளர், வயது நாற்பத்தாறு. தாயாரின் மறைவுக்குப் பின் கையிலிருந்த நாவலைப் பாதியில் மூடிவைத்தவர் திரும்ப எடுக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உறக்கம் இல்லை, எழுத்தில் மனம் பதியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் அக்கறையோடு ஓர் உறையை அனுப்பிவைத்தார். முடியை அதில் இட்டு அஞ்சலில் சேர்த்தார், அறிக்கை வந்தது, மாத்திரைகளும் வந்தன. ஏழு மாதங்கள் அவற்றை விழுங்கினார். முருங்கைக்கீரையைத் தொடவில்லை. எட்டாம் மாதம் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தபோது எடுத்த சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8 என்று வந்தது. கருப்பையில் நார்க்கட்டி, மாதந்தோறும் கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, அதனால் உடலில் இரும்பு வற்றிப்போய்ச் சோகை. அவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

முடியில் மட்டும் இரும்பு மிகுந்தது எங்ஙனம்? அவர் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் இரண்டே நாளில் வாளியைச் செம்பழுப்பாக்கிவிடும். பத்தாண்டுகளாக அந்நீரில்தான் தலைக்குக் குளிக்கிறார். அதுவே காரணம் என்று நாம் சத்தியம் செய்ய இயலாது. ஆனால் பன்னிரண்டு பக்கங்கள் எழுதியவர்களுக்கு, உங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தகையது என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை.

இதை ஒருவரின் துயரம் என்று எண்ணி வாளாவிருந்திருப்போம். ஆனால் நம் இலக்கிய வட்டாரத்திலேயே இப்பரிசோதனைக்குப் பரிந்து பேசுவோர் இருக்கிறார்கள். 'நவீன மருத்துவம் உறுப்புகளைப் பார்க்கிறது, இது முழு மனிதனைப் பார்க்கிறது' என்பது அவர்கள் வாதம். அவர்களை நோக்கியே இக்கட்டுரை.

முதலில், முடியை ஆராய்வதே புரட்டு என்று நாம் சொல்லவில்லை. அது நேர்மையான அறிவியலின் கருவியாகவும் இருந்திருக்கிறது. 1971 - 72இல் ஈராக்கில், பூசணம் பிடிக்காதிருக்க மெதில் பாதரசம் தடவிய விதைத் தானியத்தை உழவர்கள் அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் ஆறாயிரத்துக்கும் மேல். அங்கே இறந்தோர் 459 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. எந்தத் தாய் எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு உண்டாள் என்பதை அப்போது முடியை வைத்தே கணித்தார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. முடியின் புரதத்தில் உள்ள கந்தகம் பாதரசத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 250 மடங்கு முடியில் சேர்கிறது. அங்கே ஒரு நஞ்சு, அது வந்த வழி, அது முடியில் சேரும் கணக்கு எல்லாம் தெரிந்திருந்தன. நாம் மறுப்பது, அக்கணக்கு ஏதுமில்லாத இடத்தில் அதன் மதிப்பைக் கடன் வாங்குவதை.

சோடியத்தையும் பொட்டாசியத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் நீரில் கரைவன. முடியைக் கழுவினால் போய்விடும், வியர்த்தால் வந்துவிடும். சில கூடங்கள் முடியைக் கழுவிய பின் அளக்கின்றன, சில கழுவாமலே அளக்கின்றன. இரத்தத்தில் சோடியத்தின் அளவை உடல் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய வரம்புக்குள் கண்ணுங்கருத்துமாகக் காத்துவருகிறது. உடல் இத்தனை காவல் வைத்திருக்கும் ஒன்றை, உதிரப்போகும் முடியின் உப்பிலிருந்து ஊகிக்கலாம் என்கிறார்கள். பொடுகு ஷாம்பு சிலவற்றில் துத்தநாகம் இருக்கிறது, சிலவற்றில் செலினியம் இருக்கிறது. அவற்றைப் பூசிக் குளித்தவரின் அறிக்கையில் அச்சத்துக்கள் ஏறி நிற்கும். இன்னொரு வேடிக்கை: துத்தநாகம் மிகவும் குறைந்துபோனால் முடி வளர்வதே மெதுவாகிவிடும், வளரும் சிறிதளவு முடியில் துத்தநாகம் இயல்பாகவே தென்படக்கூடும். பஞ்சத்தில் அடிபட்டவரைப் பார்த்துப் பசியில்லை என்று எழுதித் தரும் கருவி!

நம்மவர்க்கு இது புதிய வழக்கன்று. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டோ என்று பாண்டியனுக்கு எழுந்த ஐயத்தைத் திருவிளையாடற் கதை சொல்கிறது. சூடிய பூவாலும் பூசிய சாந்தாலும் வந்த மணமேயன்றிக் கூந்தலுக்கெனத் தனி மணம் கிடையாது என்று நக்கீரர் சாதித்தார். முடியில் இருப்பதெல்லாம் உடலிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து ஏறியதா? இன்றைய வேதியியலாளர் புறமாசு என்று பெயரிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இதுவேயன்றி வேறில்லை. சங்கப் பலகையில் இக்கேள்வியைக் கேட்டவரைக் கொண்டாடும் நாம், அஞ்சலில் வந்த அறிக்கையிடம் அதைக் கேட்க ஏன் தயங்குகிறோம்?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1985இல் ஸ்டீபன் பாரெட் என்னும் அமெரிக்க மருத்துவர், உடல்நலமுள்ள இரண்டு பதின்வயதினரின் முடியைப் புனைபெயர்களில் 13 வணிகக் கூடங்களுக்கு அனுப்பினார். ஒரே முடியின் இரு பங்குகளுக்கு ஒரே கூடமே வெவ்வேறு எண்களைத் தந்தது. கூடங்களுக்கிடையே வேறுபாடு இன்னும் பெரிது. 'இயல்பான அளவு' எது என்பதிலும் அவற்றுக்குள் ஒப்புதல் இல்லை. ஓர் அறிக்கை சிறுநீரகச் செயலிழப்பு, தமனித் தடிப்பு உட்பட 23 கோளாறுகள் இருக்கலாம் என்று கண்டு, நாளொன்றுக்கு 56 அளவு துணைச்சத்துக்களைப் பரிந்துரைத்தது. பதினாறாண்டு கழித்து, 2001இல், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஷேரன் சைடலும் குழுவினரும் நலமான ஒரே ஆளின் முடியைப் பங்கிட்டு ஆறு கூடங்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் இப்பரிசோதனைகளில் தொண்ணூறு விழுக்காட்டைச் செய்துவந்தவை அவை. 12 கனிமங்களில் கூடத்துக்குக் கூடம் பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு! ஏறக்குறைய எல்லாக் கனிமங்களுமே ஓரிடத்தில் மிகை, ஓரிடத்தில் இயல்பு, ஓரிடத்தில் குறை. உணவுப் பரிந்துரைகளும் அவ்வாறே ஒன்றையொன்று வெட்டின. இரண்டு ஆய்வுகளும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தவை.

கருவிகள் மேம்பட்டுவிட்டன என்பார்கள். எண் துல்லியமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். துல்லியமான எண் எதைச் சொல்கிறது? இங்கே பேத்தோவனை அழைக்க வேண்டியிருக்கிறது.

1827 மார்ச் 27இல், இறந்து ஒருநாள் ஆன பேத்தோவனின் தலையிலிருந்து பதினைந்து வயது ஃபெர்டினாண்ட் ஹில்லர் ஒரு கற்றை முடியை வெட்டிக்கொண்டதாக வரலாறு. அக்கற்றை 1994இல் ஏலத்துக்கு வந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 2000இல் அதில் ஈயம் மிக அதிகமாக இருப்பதாக அறிவித்தார்கள். பேத்தோவனின் வயிற்றுவலிக்கும் முன்கோபத்துக்கும் மரணத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டதென்று உலகம் நம்பிற்று. நூல் வந்தது, படம் வந்தது. 2023இல் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அது ஒரு பெண்ணின் முடி என்று தெரிந்தது. கருவி பொய் சொல்லவில்லை, ஈயம் இருக்கத்தான் செய்தது. யாரோ ஒரு பெண்ணின் ஈயத்தில் நாம் இருபத்துமூன்று ஆண்டுகள் பேத்தோவனின் துயரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம்.

கதை அங்கே முடியவில்லை. 2024இல், மெய்யானவை என்று மரபணுவால் உறுதிப்பட்ட இரண்டு கற்றைகளைச் சோதித்தார்கள். ஒன்றில் கிராமுக்கு 258 மைக்ரோகிராம் ஈயம்; மற்றதில் 380. இயல்பு 4க்குள். இத்தனை பெரிய எண் கையிலிருந்தும் அவ்வாய்வாளர்கள் என்ன எழுதினார்கள்? அவரது உடற்கோளாறுகளுக்கு ஈயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மரணத்துக்கு அது மட்டுமே காரணமாகாது. அவ்வளவுதான். நம் நண்பரின் அறிக்கையோ அவர் தாயை இழந்த துக்கத்துக்கே விகிதம் போட்டுக் காட்டுகிறது.

அந்த விகிதங்கள் எங்கிருந்து வந்தன? ஹான்ஸ் செல்யே 1936இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சிறு கடிதத்தில், குளிராலும் காயத்தாலும் மருந்தாலும் வதைபட்ட எலிகளில் ஒரே வகை மாறுதல்களைக் கண்டதாகச் சொன்னார்: அட்ரினல் சுரப்பி பெருக்கிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் விழுகிறது. எச்சரிக்கை, எதிர்ப்பு, களைப்பு என்னும் மூன்று கட்டங்கள் அவருடையவை. அவர் எலிகளின் மயிரைச் சோதித்து அக்கட்டங்களை வகுக்கவில்லை. 1972இல் ஜார்ஜ் வாட்சன் என்பவர் மக்களை வேகமாக எரிப்பவர், மெதுவாக எரிப்பவர் எனப் பிரித்து ஒரு நூல் எழுதினார். இவ்விரண்டையும் முடியின் எண்களோடு பிணைத்தவர் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்துப் பால் எக். கால்சியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் தைராய்டு. சோடியத்துக்கும் மக்னீசியத்துக்கும் உள்ளது அட்ரினல். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ளது உயிர்ப்பு, அது 2.5 இருந்தால் உத்தமம். கட்டங்கள் உண்டு, அதிபதிகள் உண்டு, உச்சமும் நீசமும் உண்டு. ஜாதகத்தோடு ஒப்பிட்டால் சோதிடர்கள் நம்மைக் கோபித்துக்கொள்ளலாம். அவர்கள் பிறந்த நேரத்தையாவது கேட்டுக்கொள்கிறார்கள்.

செல்யேயின் எலியிலிருந்து மனிதனின் மனத்துக்கும், மனத்திலிருந்து முடியின் உப்புக்கும், உப்பிலிருந்து மாத்திரைக்கும் போடப்பட்ட இப்பாலத்தில் ஒரு பலகையையேனும் பிறர் சோதித்து உறுதிசெய்தார்களா? அமெரிக்க நச்சுப்பொருள் முகமையொன்று 2001இல் அட்லாண்டாவில் கூட்டிய வல்லுநர் குழு, மெதில் பாதரசம் போன்ற சிலவற்றை விடுத்தால், முடியில் உள்ள அளவைக் கொண்டு உடல்நலத்தைக் கணிக்கப் போதிய தரவு இல்லை என்றே சொல்லிற்று.

'முழு மனிதன்' வாதத்துக்கு வருவோம். நம்மை மிகவும் உறுத்துவது இதுவே. தாய் இறந்தாள், மகளால் எழுத முடியவில்லை. இதை இலக்கியம் அறியும். அதற்குச் சொல் தேடித்தானே நாம் இத்தனை பக்கங்களைப் படிக்கிறோம், எழுதுகிறோம்? அந்த மௌனத்தைக் 'கால்சிய ஓடு' என்று பெயரிட்டு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ணி வைப்பதா முழுமை? நவீன மருத்துவத்தைக் குறுக்கல்வாதம் என்று ஏசுவோர், ஒரு வாழ்க்கையை நான்கு விகிதங்களாகக் குறுக்கியதைக் கைகட்டி ஏற்கிறார்கள். அவர் உடலைப் பற்றியும் அது தவறு. மனத்தைப் பற்றியும் அது தவறு. இரத்தத்தைப் பார்த்த அந்த இளம் மருத்துவர் 'எத்தனை நாள் உதிரம் போகிறதும்மா?' என்று கேட்டாராம். எட்டு மாதத்தில் அவரை அவ்வாறு கேட்டவர் அவர் ஒருவரே. கேட்காததில் நாமும் அடக்கம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019 - 21) இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுள்ளவர்கள். களைத்துப்போன ஒரு பெண்ணைக் கண்டால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய துப்பு வேண்டியதில்லை. அச்சோதனைக்கு ஆகும் செலவு அந்த அறிக்கையின் அஞ்சற்செலவுக்கும் குறைவு.

'எனக்குப் பலித்ததே' என்பவர்களை நாம் பொய்யர் என்று சொல்லவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இனிப்பைக் குறை, காய்கறி உண், பத்து மணிக்குப் படு, வேலையைச் சற்றே தள்ளிவை என்று நல்ல புத்திமதிகள் உள்ளன. பாட்டி சொன்னால் கேட்காதவர்கள் வண்ணப் பட்டைக்குக் கீழே அச்சிட்டுத் தந்தால் கேட்கிறார்கள். உடம்பு தேறினால் மகிழ்ச்சியே. அதற்கு முடியை வெட்டியிருக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைகளும் கொள்ளையடிக்கவில்லையா என்ற கேள்வியும் வரும். அடிக்கின்றன, அதைப் பற்றித் தனியே எழுதுவோம். ஒருவன் திருடுகிறான் என்பதால் அடுத்தவன் வைத்தியனாகிவிட மாட்டான்.

இப்பரிசோதனையை நடத்துவோருக்கும் அதற்காக நம் கூட்டங்களில் வாதாடும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். உங்களில் ஒருவர் முன்வாருங்கள். ஒரே தலையின் ஒரே இடத்தில் வெட்டிய முடியை நான்காகப் பங்கிட்டு, நான்கு பெயர்களில், இரண்டிரண்டாக நீங்களே தேர்ந்தெடுக்கும் இரு கூடங்களுக்கு அனுப்புவோம். பெயர்களில் ஒன்று ஆணுடையதாகவும் இருக்கட்டும். நான்கு அறிக்கைகளையும் ஒரு சொல் விடாமல் இங்கே அடுத்தடுத்து வெளியிடுவோம். செலவு முழுதும் நம்முடையது. கத்தரிக்கோல் மட்டும் நம் கையில் இருக்கவேண்டும்.